அறிதலும் விற்றலும்

ஒருவருடைய மாட்டை அவிழ்த்துக்கொண்டுபோய்ச் சந்தையில் விற்பவனைத் திருடன் என்கிறோம். அவருடைய கையொப்பத்தைப் போலியாக இட்டுக் காணியை விற்பவனை மோசக்காரன் என்கிறோம். ஆயின், அவர் எந்த நோய்க்கு மருந்து வாங்குகிறார், எவ்வளவு கடன்பட்டிருக்கிறார், இரவில் எந்த வீட்டில் உறங்குகிறார், எந்தக் கூட்டத்துக்குப் போய்வந்தார் என்பனவற்றையெல்லாம் திரட்டி விற்பவனை என்னவென்று அழைப்பது? வர்த்தக உலகம் அவனுக்குத் 'தரவுத் தரகர்' என்னும் கண்ணியமான பெயரைச் சூட்டியிருக்கிறது. அவன் எதையும் எடுத்துச் செல்லவில்லை. மாடு தொழுவத்திலேயே நிற்கிறது. காணி உரியவரிடமே இருக்கிறது. எதையும் இழக்காத ஒருவர் எதற்காக முறையிட வேண்டும் என்று அவன் கேட்கிறான்.

இக்கேள்வியை இலேசாகத் தள்ளிவிடல் ஆகாது. இங்கே இழக்கப்படுவது யாது, இழப்பவர் யார், அதனைத் தடுக்கும் பொறுப்பு யாரைச் சார்ந்தது என்னும் மூன்று வினாக்களுக்கும் தெளிவான விடை காணாவிடில் நமது கண்டனம் வெறும் முணுமுணுப்பாகவே முடியும். "என்னைப் பற்றிய செய்தி என் உடைமை, அதனை எடுப்பவர் என் சம்மதத்தைப் பெறட்டும், உரிய விலையைத் தரட்டும்" என்பதே இன்று பலரும் கூறும் விடை. கேட்டவுடன் நியாயமாகத் தோன்றும் இவ்விடை, உண்மையில் வழக்கைத் தரகனுக்கே சாதகமாகத் தீர்த்துவிடுகிறது என்பது நமது கருத்து. அஃது எவ்வாறென்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மனிதர் ஒருவரை ஒருவர் அறிவது குற்றமன்று. அறியாமல் சமுதாய வாழ்க்கையே இல்லை. நமது கிராமங்களில் அயலவர் அறியாதது எதுவுமில்லை. கிடுகு வேலி மறைக்கும் என்று நம்புவது வேலி அடைத்தவர் மட்டுமே. யாருடைய அடுப்பு எரியவில்லை என்பதை அயல் அறிந்திருந்தமையால் பல வீடுகள் பட்டினியிலிருந்து தப்பின. அதே அறிவு கொடுமைக்கும் பயன்பட்டது. ஒருவன் இன்னாருடைய மகன் என்று ஊர் அறிந்திருந்தமையாலேயே அவன் கோயில் வாசலிலும் தேநீர்க் கடையிலும் தடுத்து நிறுத்தப்பட்டான். ஆகவே பழைய கிராமத்தைப் பொற்காலமாக்கி, அதனோடு இன்றைய கம்பனிகளை ஒப்பிடுவது நேர்மையாகாது. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. கிராமத்தில் நம்மை அறிந்தவரை நாமும் அறிந்திருந்தோம். பொய் சொன்னவரை முகத்துக்கு நேரே மறுக்க முடிந்தது. கொடுமை செய்தவரை எதிர்த்து அணிதிரளவும் முடிந்தது. அறிபவரும் அறியப்படுபவரும் ஒரே ஒழுங்கையில் நடந்தனர். அவ்வுறவு அறுந்து, அறிவு ஒரு பக்கமாக மட்டும் ஓடத் தொடங்கும் இடத்திலேதான் நமது பிரச்சினை பிறக்கிறது.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் வரலாற்றில் அவ்விடத்தைத் தெளிவாகக் காணலாம். 1837இல் அங்கே ஏற்பட்ட பொருளாதார நெருக்கடியில் பல வர்த்தகர்கள் கொடுத்த கடனை அறவிட முடியாமல் நொடிந்தனர். அந்நெருக்கடியில் அடிபட்டவர்களுள் ஒருவரான லூயிஸ் ரப்பன் என்னும் பட்டு வியாபாரி 1841இல் நியூயோர்க் நகரில் 'மேர்க்கன்ரைல் ஏஜென்சி' என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். தூர ஊர்களிலுள்ள கடைக்காரரை நம்பிக் கடன் கொடுக்கலாமா என்பதை நகரத்து மொத்த வியாபாரிகளுக்குக் கட்டணத்தின் பேரில் அறிவிப்பதே அதன் தொழில். ஊர்தோறும் நிருபர்கள் அமர்த்தப்பட்டனர். பின்னாளில் ஜனாதிபதியான ஏபிரகாம் லிங்கனும், சட்டத்தரணியாக இருந்த காலத்தில், அவர்களுள் ஒருவராக இருந்தார். கடைக்காரர் குடிப்பவரா, அவருடைய குடும்பம் எத்தகையது, சொன்ன சொல்லைக் காப்பவரா என்றெல்லாம் அவர்கள் எழுதியனுப்பியவை பேரேடுகளில் பதியப்பட்டன. அப்பேரேடுகளில் 2500க்கு மேற்பட்டவை இன்றும் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தில் உள்ளன.

இந்த ரப்பன் அடிமை முறையை எதிர்த்துப் போராடியவர் என்பது சிந்திக்கத்தக்கது. மனிதரை விற்பதைப் பாவமெனக் கருதிய ஒரு நல்ல மனிதர், மனிதரைப் பற்றிய அறிவை விற்பதில் பாவம் எதனையும் காணவில்லை. ஆதலின் இவ்வியாபாரத்தின் தோற்றத்தைத் தனிமனிதரின் தீக்குணத்திலே தேடுவதிற் பயனில்லை. அந்நியரோடு அந்நியர் கடன்பட்டு வாழும் சந்தைச் சமுதாயத்தின் தேவையே அதனைப் பெற்றெடுத்தது.

1899இல் அற்லாந்தா நகரில் தொடங்கப்பட்ட 'ரீற்றெயில் கிரெடிற் கம்பனி' இத்தொழிலை வர்த்தகரிலிருந்து சாதாரண மக்கள் வரை விரித்தது. காப்புறுதிக்கு விண்ணப்பித்தவர், கடனுக்குப் பொருள் வாங்கியவர், வேலை தேடியவர் ஆகியோரைப் பற்றிய அயலவர் பேச்சுகளும் அதன் கோவைகளில் ஏறின. அக்கோவைகளைக் கணினிக்கு மாற்ற அது முனைந்த காலத்தில் எதிர்ப்பு வலுத்தது. 1970இல் அமெரிக்கக் காங்கிரஸ் கடன் அறிக்கைகள் பற்றிய சட்டமொன்றை நிறைவேற்றியது. தம்மைப்பற்றி என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று அறியும் உரிமை அச்சட்டத்தினால் மக்களுக்குக் கிடைத்தது. 1975இல் அக்கம்பனி தன் பெயரை ஈக்குவிபாக்ஸ் என்று மாற்றிக்கொண்டது. 2017இல் அதன் கணினிகளுள் புகுந்தவர்கள் ஏறத்தாழ 14 கோடி 70 இலட்சம் பேரின் விபரங்களைக் கவர்ந்து சென்றனர். அவர்களுட் பெரும்பாலோர் அக்கம்பனியோடு தாமாக எவ்வித உறவும் வைத்துக்கொண்டவர் அல்லர்.

இன்று நிருபர் தேவையில்லை. நமது சட்டைப்பையிலுள்ள கைத்தொலைபேசியே நிருபர். மழை வருமா என்று பார்ப்பதற்காக ஒரு செயலிக்கு நாம் இருக்குமிடத்தை அறிவிக்கிறோம். அச்செய்தி நாம் அறியாத கம்பனிகளின் கைக்குப் போய்ச் சேர்கிறது. ஓர் இணையப் பக்கத்தைத் திறக்கும் கணத்திலேயே அதிலுள்ள விளம்பர இடம் ஏலத்தில் விடப்படுகிறது. திறப்பவர் எவ்வூரில் இருக்கிறார், எத்தகைய விடயங்களில் நாட்டமுள்ளவர் என்ற குறிப்புகள் ஏலம் கேட்போருக்கெல்லாம் அனுப்பப்படுகின்றன. ஏலத்தில் வெல்பவர் ஒருவர். குறிப்புகளைப் பெறுபவர் பலர். பக்கம் திரையில் தோன்றுமுன்னரே இவ்வளவும் நடந்து முடிகிறது. 2014இல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு ஒன்பது தரகுக் கம்பனிகளை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. அவற்றுள் ஒரு கம்பனி, அந்நாட்டின் நுகர்வோர் ஏறக்குறைய எல்லோரைப் பற்றியும் ஆளுக்கு 3000 வகையான குறிப்புகளை வைத்திருந்தது.

இக்குறிப்புகள் எவ்வாறு வகைப்படுத்தப்படுகின்றன என்பதில் இவ்வியாபாரத்தின் வர்க்க இயல்பு வெளிப்படுகிறது. அமெரிக்க செனற் சபையின் வர்த்தகக் குழு 2013 டிசெம்பரில் வெளியிட்ட அறிக்கை, தரகர்கள் விற்ற பட்டியல்களின் பெயர்களைத் தந்தது. 'காலந்தள்ளவே தடுமாறும் கிராமத்தவர்' என்பது ஒன்று. 'இரண்டாந்தர நகரங்களில் அல்லற்படும் இனக்குழுவினர்' என்பது இன்னொன்று. 'வெறுங்கையோடு ஓய்வுபெறும் தனியர்', 'கடினமான தொடக்கம்: இளம் தனிப்பெற்றோர்' என்பன வேறு சில. சமுதாயத்தை ஆராய்பவன் வறியோரை எண்ணுகிறான் என்றால் வறுமையின் காரணத்தை அறிவதற்காக எண்ணுகிறான். தரகன் எண்ணுவதோ அவர்களைத் தேடிப் பிடிப்பவனுக்கு விற்பதற்காக. பணமுடையில் வாடுவோரை அடையாளம் காட்டும் இப்பட்டியல்கள், உயர்ந்த வட்டிக் கடன் போன்ற ஆபத்தான பண்டங்களை விற்போருக்கு உதவக்கூடியன என்று அக்குழுவே எச்சரித்தது.

துன்பமும் இச்சந்தையில் விலைப்படுகிறது. அதே மாதத்தில் அக்குழுவின்முன் நடந்த விசாரணையில், பாலியல் வன்முறைக்கு உள்ளானோரின் பட்டியல் ஆயிரம் பெயருக்கு 79 டொலர் வீதம் விற்பனைக்கு விளம்பரப்படுத்தப்பட்டிருந்தமை வெளியாயிற்று. 2022 மே மாதத்தில் ஒரு பத்திரிகையாளர், கருக்கலைப்புச் சேவை வழங்கும் நிலையங்களுக்கு எங்கிருந்து மக்கள் வந்தார்கள், அங்கே எவ்வளவு நேரம் தங்கினார்கள் என்பதைக் காட்டும் ஒரு வாரத் தரவுகளை ஏறத்தாழ 160 டொலருக்கு வாங்கிக் காட்டினார். 2023இல், மனநல ஆலோசனை வழங்கும் 'பெற்றர்ஹெல்ப்' என்னும் இணையச் சேவை, நோயாளரின் விபரங்களை இரகசியமாக வைத்திருப்பதாக வாக்களித்துவிட்டு அவற்றை விளம்பரத்துக்காகப் பேஸ்புக் முதலிய கம்பனிகளுக்கு அளித்தது என்று மேலே கூறிய ஆணைக்குழு குற்றஞ்சாட்டியது. 78 இலட்சம் டொலர் செலுத்த அது உடன்பட்டது. தனிமையிலே உடைந்துபோன ஒரு மனிதன் ஆறுதல் தேடிச் சொன்ன சொல், அவனுக்கு எதனை விற்கலாம் என்பதற்குரிய துப்பாக மாறியது.

"மறைப்பதற்கு ஒன்றுமில்லாதவனுக்கு அச்சம் எதற்கு?" என்று கேட்பாரும் உளர். மறைப்பது வேறு, காப்பது வேறு என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். அன்றியும், எதனை மறைக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர் நாம் அல்லோம். நாளை அதிகாரத்துக்கு வருபவரே அதனைத் தீர்மானிக்கிறார். யுத்தத்துக்கு முன்பு நெதர்லாந்தில் குடிமக்களின் பதிவேட்டில் ஒவ்வொருவருடைய சமயமும் குறிக்கப்பட்டிருந்தது. அதனைக் குறித்தவர் எவரும் தீங்கு கருதவில்லை. யூதர் எவரும் அதனை மறைக்கவுமில்லை. 1940இல் நாற்சிகள் நாட்டைக் கைப்பற்றியபோது அப்பதிவேடு கொலைக்குரிய பட்டியலாயிற்று. ஏறத்தாழ 140,000 யூதருள் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1943 மார்ச் 27ஆந் திகதி இரவு, ஓவியரும் எழுத்தாளருமான வில்லெம் அரொண்டேயுஸ் முதலியோர் அம்ஸ்ரர்டாம் நகரப் பதிவகத்துக்குத் தீயிட்டனர். அச்செயலுக்காக 12 பேர் அவ்வாண்டு ஜூலையில் சுட்டுக் கொல்லப்பட்டனர். காகித அட்டைகளை எரிப்பதற்காக மனிதர் உயிர்கொடுத்தனர் என்றால், ஒரு பட்டியல் எத்தகைய ஆயுதமாகக் கூடும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

ஈழத்துத் தமிழ் வாசகருக்கு இவ்வுண்மையை நெதர்லாந்து வந்து கற்பிக்க வேண்டியதில்லை. 1983 ஜூலையில் கொழும்பிலே தமிழர் வீடுகளைத் தேடிவந்த கும்பல்கள் வாக்காளர் பட்டியல்களைக் கையில் வைத்திருந்தன. மக்கள் வாக்களிப்பதற்காகத் தயாரித்த பட்டியல் அது. பெயரே குற்றமாகிய அன்று, மறைப்பதற்கு ஒன்றுமில்லாதவருடைய வீடும் எரிந்தது. இவை அரசின் பதிவேடுகள் அல்லவா, வியாபாரிகளின் பட்டியலோடு இவற்றுக்கு என்ன தொடர்பு என்று வினவலாம். அரசின் பதிவேடு பூட்டிய அறையில் இருக்க வேண்டியது; அது வெளியே போனால் யாரோ ஒருவர் குற்றவாளியாவார். வியாபாரியின் பட்டியலோ வெளியே போவதற்கென்றே பிறந்தது. வாங்குபவனுடைய நோக்கத்தைத் தேடி அறியும் கடமை சந்தைக்கு இல்லை.

இனிச் சம்மதம் என்னும் வாதத்தை நோக்குவோம். கம்பனிகள் தம் நிபந்தனைகளை எழுதி முன்வைக்கின்றன. நாம் 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற இடத்தைத் தொடுகிறோம். இருதரப்பும் உடன்பட்ட ஒப்பந்தத்தில் அநீதி எங்கே என்பது அவ்வாதம். 2008இல் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் இருவர், ஓர் அமெரிக்கர் தாம் ஓராண்டில் சென்று பார்க்கும் தளங்களின் நிபந்தனைகளையெல்லாம் படிக்க எவ்வளவு நேரம் வேண்டும் என்று கணக்கிட்டனர். ஏறத்தாழ 244 மணித்தியாலம் என்று விடை வந்தது. படிக்க முடியாததைப் படித்ததாகவும், மறுக்க முடியாததை விரும்பியதாகவும் கொள்வதே இச்சம்மதத்தின் அடித்தளம். வேலைக்கு விண்ணப்பம் அனுப்பவும் வங்கியோடு தொடர்புகொள்ளவும் பிள்ளையின் பாடத்தைப் பெறவும் கைத்தொலைபேசி இன்றியமையாததாகிவிட்ட ஒரு காலத்தில், 'விரும்பாவிட்டால் விலகிக்கொள்' என்று கூறுவது பசித்தவனைப் பார்த்து 'விரும்பாவிட்டால் உண்ணாதே' என்று கூறுவதற்கு ஒப்பானது.

இக்குரல் நமக்குப் புதியதன்று. பிரித்தானியப் பஞ்சாலை முதலாளிகளும் இதனையே கூறினர். தொழிலாளி தன் விருப்பத்தோடு பதினைந்து மணித்தியாலம் உழைக்க இணங்கும்போது அரசு குறுக்கிடுவது அவனுடைய சுதந்திரத்தைப் பறிப்பதாகும் என்று வாதிட்டனர். 1847இல் பாராளுமன்றம் பெண்களுக்கும் இளைஞருக்கும் வேலைநாளைப் பத்து மணித்தியாலமாகக் கட்டுப்படுத்தியபோது, அவர்களுடைய தனித்தனிச் சம்மதத்தைக் கேட்கவில்லை. சம்மதித்தாலும் கூடாது என்று சட்டம் கூறியது. 1864இல் தொழிலாளர் அகிலத்தின் தொடக்க உரையிலே மார்க்ஸ் அச்சட்டத்தை வெறும் சலுகையாக மதிக்காது, ஒரு கொள்கையின் வெற்றியாக மதித்தமைக்குக் காரணம் இதுவே. பலமுள்ளவனும் பலமற்றவனும் தனித்தனியே பேரம் பேசும் இடத்தில் சுதந்திரம் பலமுள்ளவனுக்கே உரியது. பொதுவான தடையே அங்கு பலமற்றவனின் சுதந்திரம்.

எஞ்சியிருப்பது உடைமை என்னும் வாதம். என்னைப் பற்றிய செய்தி என் உடைமையாயின் அதனை நான் விற்கலாம். விலை தரவில்லை என்பது மட்டுமே கம்பனியின் குற்றமாகும். இதற்கு விடையாக அண்மைக்கால நிகழ்ச்சியொன்றைக் காட்டுவோம். கலிபோர்னியாவில் 2006இல் தொடங்கப்பட்ட '23அண்ட்மீ' என்னும் கம்பனி, சிறு குழாயில் உமிழ்நீரைப் பெற்று, அதிலுள்ள மரபணுக்களைக் கொண்டு ஒருவரின் மூதாதையர் பற்றியும் நோய்கள் பற்றியும் அறிவித்துவந்தது. ஏறத்தாழ ஒன்றரைக் கோடி மக்கள் பணமும் கொடுத்து உமிழ்நீரும் கொடுத்தனர். 2025 மார்ச்சில் கம்பனி முறிவடைந்தது. மேசை நாற்காலிகளோடு மக்களின் மரபணுத் தரவுகளும் கடன்காரருக்குரிய சொத்தாக ஏலத்துக்கு வந்தன. இருபதுக்கு மேற்பட்ட மாநிலங்கள், ஒவ்வொருவரின் வெளிப்படையான சம்மதமின்றி இவற்றைச் சாதாரணச் சொத்துப்போல் விற்கலாகாது என்று நீதிமன்றம் சென்றன. எனினும் ஜூலையில், கம்பனியை நிறுவியவர்களுள் ஒருவர் தலைமை தாங்கும் அமைப்பொன்றுக்கு 30 கோடி 50 இலட்சம் டொலருக்கு விற்பனை நடந்தேறியது.

ஒவ்வொருவரும் சம்மதித்திருந்தால் இவ்விற்பனை நியாயமாகியிருக்குமா? உமிழ்நீர் கொடுத்தவரின் மரபணுவிற் பாதி அவருடைய தாயிடமிருந்து வந்தது. பாதி தந்தையிடமிருந்து வந்தது. அவருடைய சகோதரருக்கும் பிள்ளைகளுக்கும் அதிற் பங்குண்டு. இன்னும் பிறவாத பேரப்பிள்ளைக்கும் அதிற் பங்குண்டு. 2018இல் கலிபோர்னியாவில், பல்லாண்டு பிடிபடாதிருந்த ஒரு கொலைகாரன் சிக்கியது, அவனுடைய தூரத்து உறவினர் தம் மரபணு விபரத்தை ஒரு பொதுத் தளத்தில் இட்டிருந்தமையாலேயே. கொலைகாரன் பிடிபட்டதற்கு நாம் வருந்தவில்லை. ஒருவர் தம்மைப் பற்றிச் சொல்வது பிறரைப் பற்றியும் சொல்வதாகிறது என்பதையே இந்நிகழ்ச்சி நிறுவுகிறது. மரபணுவுக்கு மட்டும் உரிய இயல்பன்று இது. ஒருவர் தம் கைத்தொலைபேசியிலுள்ள இலக்கங்களைக் கொடுத்தால் நண்பர் எல்லோரையும் கொடுத்தவராகிறார். ஒரே தெருவில் வாழும் பலர் தம் கடன்களை வெளிப்படுத்தினால், வெளிப்படுத்தாத ஒருவருடைய கடனும் ஊகிக்கப்படுகிறது. மனிதன் சமுதாயத்தில் வாழ்பவன் ஆதலின் அவனைப் பற்றிய செய்தியும் சமுதாயத் தன்மை உடையது. அதனை ஒருவருக்கு மட்டும் உரிய காணியைப்போல் வேலியிட முடியாது. ஆதலால் ஒருவர் மட்டும் உறுதி எழுதி விற்கவும் முடியாது.

இன்னொன்றும் உண்டு. விலை கொடுத்து வாங்கலாம் என்று சட்டம் செய்தால் முதலில் விற்பவர் யார்? வசதியுள்ளவர் தம் வாழ்வைத் திறந்துகாட்ட வேண்டிய அவசியமில்லை. மாதக் கடைசியில் அரிசிக்கு வழியில்லாதவரே சில ரூபாய்க்காகத் திறந்துகாட்டுவார். மறைவு என்பது பணக்காரர் வைத்திருக்கும் ஆபரணமாகவும், ஏழை அடகுவைக்கும் பண்டமாகவும் பிரிந்துபோகும். தனிமனித சுதந்திரத்தின் பெரும் வழக்கறிஞராகிய ஜோன் ஸ்ருவேட் மில்கூட, 1859இல் எழுதிய 'சுதந்திரம்' என்னும் நூலில், ஒருவன் தன்னை அடிமையாக விற்பதை மட்டும் சுதந்திரம் என்று ஏற்க மறுத்தார். சில விற்பனைகள் விற்பவனையே அழித்துவிடுகின்றன என்பதை அவரும் கண்டார்.

நம்மைச் சார்ந்தோரிடையே எழும் ஓர் ஐயத்தையும் இங்கு கருத வேண்டும். அந்தரங்கம் என்பது பூர்ஷுவா வர்க்கத்தின் ஆடம்பரம். பொதுமையை நாடுவோருக்கு அதனால் ஆவதென்ன என்று சிலர் கேட்கின்றனர். இவ்வையத்துக்கு வரலாற்று ஆதாரம் இல்லாமலில்லை. 1890இல் சாமுவெல் வொறன், லூயி பிராண்டைஸ் என்னும் பொஸ்ரன் நகரத்துச் சட்டத்தரணிகள் இருவர் அந்தரங்க உரிமையை முதன்முதலாகச் சட்ட மொழியில் நாட்டியபோது, பத்திரிகைகளும் புகைப்படக் கருவிகளும் கனவான்களின் வீட்டு வாழ்வில் நுழைவதே அவர்களுடைய கவலையாக இருந்தது. ஆயின் 2009 பெப்ரவரியில் பிரித்தானியாவில் நடந்ததை இவர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். தகவல் ஆணையாளரின் அலுவலர் ட்ரொய்ற்விச் நகரிலே ஒரு சிறிய அலுவலகத்தைச் சோதனையிட்டனர். அங்கே 3213 கட்டடத் தொழிலாளரின் பெயர்ப் பட்டியல் இருந்தது. நாற்பதுக்கு மேற்பட்ட கட்டடக் கம்பனிகள் ஆண்டுச் சந்தா கட்டியிருந்தன. ஒரு பெயரைத் தேடிப் பார்க்க 2 பவுண் 20 பென்ஸ் கட்டணம். தொழிற்சங்கத்திலே முன்னின்றவர், வேலைத்தலத்தில் பாதுகாப்பில்லை என்று முறையிட்டவர் ஆகியோரின் பெயர்களுக்கு எதிரே குறிப்புகள் இருந்தன. தமக்கு ஏன் வேலை கிடைப்பதில்லை என்று அறியாமலே பலர் ஆண்டுக்கணக்கில் அலைந்தனர். பட்டியலை நடத்தியவருக்கு 5000 பவுண் அபராதம் விதிக்கப்பட்டது. பெருங் கம்பனிகள் 2016இலேதான் உயர் நீதிமன்றத்தில் மன்னிப்புக் கோரி நட்டஈடு வழங்கின. இரண்டு பவுணுக்கு விற்கப்பட்டது கனவானின் அந்தரங்கமன்று. கூலித் தொழிலாளியின் சோறு.

அதேவேளையில், கம்பனியிடமிருந்து பறித்து அரசிடம் ஒப்படைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நாம் கருதலாகாது. சோஷலிசத்தின் பெயரால் ஆட்சி நடத்திய கிழக்கு யேர்மனியில், 1989இல் அரச பாதுகாப்பு அமைச்சிலே ஏறத்தாழ 91,000 பேர் முழுநேர ஊழியராக இருந்தனர். அயலவரையும் நண்பரையும் பற்றி அறிவித்தவர் ஒன்றரை இலட்சத்துக்கும் மேல். தொழிலாளரின் அரசு என்று கூறப்பட்டது தொழிலாளரையே கோவைகளில் அடைத்தது. 1990 ஜனவரியில் பெர்லின் மக்கள் அவ்வமைச்சின் தலைமையகத்துள் புகுந்தபோது தம் வாழ்வையே மீட்கப் புகுந்தனர். அறிபவன் அறியப்படுபவனுக்குப் பதில் சொல்லும் கடமையிலிருந்து தப்பிக்கொள்ளும் இடமெல்லாம், அங்கே தொங்கும் பெயர்ப்பலகை எதுவாயினும், கொடுமைக்கு இடமுண்டு.

இதுவரை கண்டவற்றிலிருந்து முதலில் எழுப்பிய மூன்று வினாக்களுக்கும் விடை கூறலாம். இழக்கப்படுவது பொருளன்று, நம்மை அறிந்தவரோடு நமக்கிருந்த உறவும், அதிலிருந்து பிறக்கும் பொறுப்புமே இழக்கப்படுகின்றன. மருத்துவர் நம் நோயை அறிந்தால் நம்மைக் குணப்படுத்தக் கடமைப்பட்டவர். அதே செய்தியை விலைக்கு வாங்கியவனுக்கு அத்தகைய கடமை எதுவுமில்லை. இழப்பவர் தனிமனிதர் மட்டுமல்லர். மேற்கு யேர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம், 1983 டிசெம்பரில் குடிசனக் கணக்கெடுப்பு வழக்கில் இதனை நன்கு விளக்கியது: தன்னைப்பற்றி என்ன பதியப்படுகிறது என்று அறியாதவன் கூட்டங்களுக்குப் போகவும் அஞ்சி ஒதுங்குவான், அதனாற் கெடுவது அவன் மட்டுமன்று, குடியாட்சியும் கெடும். ஆதலின் தடுக்கும் பொறுப்பும் பொதுவானதே.

இப்பொறுப்பு நிறைவேற்ற முடியாத கனவு என்பதற்கில்லை. 2024 ஜனவரியில் அமெரிக்க ஆணைக்குழு, மருத்துவ நிலையங்கள் வழிபாட்டிடங்கள் போன்றவற்றுக்கு மக்கள் போய்வருவதைக் காட்டும் தரவுகளை விற்கலாகாது என்று ஒரு தரகுக் கம்பனியைத் தடுத்தது. அதே ஆண்டில் அமெரிக்கக் காங்கிரஸ், தன் மக்களின் நுட்பமான விபரங்களைச் சீனா, ருஷ்யா முதலிய நாடுகளுக்குத் தரகர் விற்பதைத் தடை செய்தது. அரசின் நலன் என்று வந்தவுடன் சந்தையின் சுதந்திரம் பற்றிய பேச்சு எவ்வளவு விரைவில் அடங்கிவிடுகிறது! அந்நியனுக்கு விற்றால் ஆபத்தாகும் செய்தி, உள்நாட்டு வட்டிக்காரனுக்கு விற்றால் மட்டும் ஆபத்தற்றதாகிவிடுமோ?

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே மாதத்திலிருந்து விரிவான தரவுப் பாதுகாப்பு விதிகள் நடைமுறையில் உள்ளன. இலங்கையிலும் 2022இல் தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாப்பதற்கென 9ஆம் இலக்கச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. அதன் முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்தபோது அந்நாள் பின்போடப்பட்டது. இத்தகைய சட்டங்களை நாம் வரவேற்கிறோம். ஆயின் சம்மதம் பெற்றால் போதும் என்ற வாயிலைத் திறந்துவைக்கும் எந்தச் சட்டத்தினூடாகவும் தரகன் நுழைந்துவிடுவான். நோய், நடமாட்டம், கடன், சாதி, சமயம், தொழிற்சங்க உறுப்புரிமை, குழந்தைகள் பற்றிய செய்தி ஆகியவை எவருடைய சம்மதத்தின் பேரிலும் விற்பனைப் பண்டமாகலாகாது என்பது நமது கோரிக்கையாக வேண்டும். ஒரு தேவைக்காகப் பெற்றதை அத்தேவை முடிந்ததும் அழித்துவிடுதல், அரசையும் கம்பனியையும் ஒரே விதியால் கட்டுதல், தொழிலாளர் பற்றித் திரட்டப்படுவனவற்றைத் தொழிற்சங்கம் பார்வையிட இடமளித்தல் என்பனவும் அதனோடு சேரவேண்டும்.

ஆசிரியர்களும் மாணவர்களும் இவ்விடயத்தில் மேற்கொள்ள வேண்டிய பணி வகுப்பறையிலேயே தொடங்குகிறது. எந்தப் பிள்ளை காலையில் உண்ணாமல் வருகிறது, எந்தப் பிள்ளையின் தகப்பன் வீட்டில் இல்லை, எந்தப் பிள்ளைக்குச் சீருடை ஒன்றே உண்டு என்பதை ஆசிரியர் அறிவார். அவ்வறிவு அவரை அப்பிள்ளையோடு பிணைக்கிறது. அறிந்துவிட்டமையால் அவர் எதையாவது செய்தாக வேண்டியவராகிறார். இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காக மாணவரின் பெயர்களையும் புள்ளிகளையும் குடும்ப விபரங்களையும் எங்கோ உள்ள ஒரு கம்பனியின் செயலியில் பதியுமாறு நாளை ஒரு கட்டளை வரக்கூடும். அப்போது, இது யாரிடம் போகிறது, அவர் இப்பிள்ளைக்கு என்ன கடமைப்பட்டவர் என்று கேட்கும் ஆசிரியர்களும், அக்கேள்வியைத் தம் சங்கங்களில் தீர்மானமாக்கும் மாணவர்களும் வேண்டும். விடை கிடைக்கும்வரை பெயர்களைக் கொடாதிருத்தலே நேர்மை.